கொக்குத்தொடுவாய்ப் புதைகுழி: எலும்பு வெளியே வந்துவிட்டது, ஒப்பிட யார் இருக்கிறார்கள்?

முல்லைத்தீவிலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் அளம்பில், செம்மலை, நாயாறு தாண்டிக் கொக்குத்தொடுவாய் வரும். 2023 ஜூன் 29ஆம் திகதி அங்கே வீதியோரத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்க மண் வெட்டியபோது மனித எலும்புகளும் உடைத் துணிகளும் மேலே வந்தன. வேலை நின்றது. பொலிஸுக்குத் தகவல் போனது. முல்லைத்தீவு நீதவான் நேரில் வந்து பார்த்தார். அன்றிலிருந்து அந்த இடம் நீதிமன்றத்தின் பொறுப்பில்.

வன்னியில் புதைகுழிகளைத் தேடிப்போய்க் கண்டுபிடிப்பதில்லை, தடுக்கி விழுந்துதான் காண்கிறோம். 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரத்தில் வெளிப்பட்டதும் குழாய் பதிக்கும் வேலையில்தான். அங்கே எண்பதுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2018இல் மன்னார் நகரில் சதொச என்ற அரச விற்பனை நிலையத்தின் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டும்போது தொடங்கிய அகழ்வு முந்நூறைத் தாண்டிப் போனது. தேடிக் கண்டுபிடித்த குழி என்றால் முதல் மண்வெட்டு விழும் முன்னரே அளவுக் கயிறு கட்டப்பட்டிருக்கும், மண் படை படையாகப் பதியப்பட்டிருக்கும். தற்செயலாக அகப்பட்ட குழியில் முதல் வெட்டை வெட்டுவது இயந்திரம். எலும்பு முறிகிறது, இடம் மாறுகிறது, ஒருவரின் கையெலும்பு இன்னொருவரின் விலாவோடு போய்ச் சேருகிறது. பின்னால் ஆய்வுகூடத்தில் செலவாகும் காலத்தில் ஒரு பங்கு இந்த முதல் அரை மணி நேரத்தின் விலை.

கொக்குத்தொடுவாயில் முறையான அகழ்வு 2023 செப்டெம்பர் 6ஆம் திகதி தொடங்கியது. பேராசிரியர் ராஜ் சோமதேவ தொல்லியல் பக்கத்தையும், முல்லைத்தீவுச் சட்ட வைத்திய அதிகாரி கனகசபாபதி வாசுதேவ மருத்துவப் பக்கத்தையும் பார்த்தார்கள். முதற் கட்டத்தில் 17 உடல்களின் எச்சங்கள். நவம்பரில் இரண்டாம் கட்டம் முடிந்தபோது எண்ணிக்கை 40. 2024 ஜூலையில் மூன்றாம் கட்டத்தோடு 52. இதற்கிடையில், வழக்கை முதலில் கையாண்ட நீதவான் உயிரச்சுறுத்தலும் அழுத்தமும் இருப்பதாகச் சொல்லிப் பதவி விலகி, 2023 செப்டெம்பர் இறுதியில் நாட்டைவிட்டுப் போயிருந்தார். இப்படியான வழக்கு நீதவான்களின் பதவிக்காலத்தைவிட நீண்டது என்பதை இதை வாசிக்கிற சட்ட மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கோப்பு கைமாறினாலும் சான்று கைமாறாமல் இருக்க வேண்டும்.

மண்ணுக்குள் உடையின் பகுதிகள் எஞ்சியிருந்தன. பருத்தி உக்கிவிடும், நைலோனும் இலாஸ்டிக்கும் உக்காது. ஆகவே தொப்புளுக்குக் கீழே ஒரு இலாஸ்டிக் வளையமும், நெஞ்சுப்பக்கம் ஒரு கொளுக்கியும் மட்டும் எஞ்சி, அது பெண்ணின் உடல் என்று எலும்பைப் பார்க்க முன்னரே சொல்லிவிடும். சீருடைத் துணிகளும் இலக்கத் தகடுகளும் கிடைத்தன. விடுதலைப் புலிகளின் உறுப்பினர்கள், அவர்களில் பெண்கள் பலர் என்ற முடிவு அங்கிருந்துதான் வந்தது. புதைக்கப்பட்ட காலம் 1994க்கு முந்தியது அல்ல, 1996க்குப் பிந்தியதும் அல்ல என்று சோமதேவவின் அறிக்கை சொன்னது.

இந்தக் கால எல்லை வழக்கின் திசையையே மாற்றுகிறது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் 1984 கடைசியிலேயே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுவிட்டது. திரும்பி வந்தது போர் முடிந்த பிறகு. புதைக்கப்பட்ட ஆண்டுகளில் அந்த மண்ணில் விளக்கேற்ற ஒரு வீடு இல்லை. “நான் கண்டேன்” என்று சொல்லக்கூடிய ஊரவர் கிடையாது. சாட்சி சொல்ல இருப்பது எலும்பும் மண்ணும் தகடும்தான்.

தகடு இருந்தால் பெயர் தெரிந்துவிடுமே என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். தகட்டில் இருப்பது இலக்கம். இலக்கத்துக்கு உரியது இயக்கப் பெயர். இயக்கப் பெயரிலிருந்து வீட்டுப் பெயருக்குப் போக ஒரு பதிவேடு வேண்டும், அந்தப் பதிவேடுகள் 2009 மேயோடு போயின. தோழிகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், இலக்கத்தை நினைவில் வைத்திருப்பவர்களும் இருக்கலாம். ஆனால் முப்பது வருட நினைவை நீதிமன்றத்தில் அடையாளச் சான்றாக நிறுத்த முடியாது. அது தேடலை ஒடுக்க உதவும், முடிவு சொல்ல உதவாது. முடிவு சொல்லக்கூடியது டி.என்.ஏ.

எலும்புக்குள் என்ன மிஞ்சும்

டி.என்.ஏ. என்ற சொல் எங்கள் பக்கத்தில் வீட்டுப் பேச்சுக்குள் வந்தது சுனாமிக்குப் பிறகு. கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்கத்தோடு அறியப்பட்ட குழந்தை யாருடையது என்பதை 2005 பெப்ரவரியில் நீதிமன்றம் பரிசோதனை அறிக்கையை வைத்துத் தீர்த்தது. உயிரோடிருக்கும் பெற்றோர், உயிரோடிருக்கும் பிள்ளை, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவல். அதைவிட இலகுவான வழக்கு இருக்க முடியாது. கொக்குத்தொடுவாய் அதற்கு நேர் எதிர்முனை.

இறந்த உடலில் டி.என்.ஏ. அந்தக் கணத்திலிருந்தே அறுபடத் தொடங்குகிறது. அறுப்பவை மூன்று: வெப்பம், நீர், நுண்ணுயிர்கள். வன்னியில் மூன்றும் தாராளம். வருடத்தில் எட்டு மாதம் மண் வெந்து கிடக்கும். மாரி இறங்கினால் நிலத்தடி நீர் ஒரு முழத்துக்கு ஏறி நிற்கும். காய்வதும் நனைவதுமாக முப்பது மாரி கடந்த எலும்பு அது. நிரந்தரமாக உறைந்த மண்ணில் ஆயிரக்கணக்கான வருடம் தாங்கும் டி.என்.ஏ. சங்கிலி, இங்கே சில பத்து வருடத்துக்குள் பூச்சி அரித்த ஏடு போலத் துண்டு துண்டாகிவிடும்.

ஆனாலும் எல்லா எலும்பும் ஒரே அளவில் கெடுவதில்லை. தொடையெலும்பின் நடுத்தண்டு தடித்தது, அதற்குள் கல்சியத்தோடு ஒட்டியிருக்கும் டி.என்.ஏ. தப்பிப் பிழைக்கும். கடைவாய்ப் பல்லின் வேர் நல்ல இடம். எல்லாவற்றிலும் சிறந்தது காதின் உட்பகுதியைச் சுற்றியுள்ள, மண்டையோட்டின் அடியிலிருக்கும் கன்னப்பொறி எலும்பின் கடினமான பகுதி. மனித உடலிலேயே மிக இறுக்கமான எலும்பு அதுதான். மண்டையோடு இயந்திரத்தில் நொறுங்கிய உடலுக்குக்கூட அந்த விரல்நுனியளவு கட்டி தப்பியிருந்தால் நம்பிக்கை உண்டு. அகழ்வில் நிற்பவர் அதை அறிந்திருக்க வேண்டும். மண்ணை அரிக்கும்போது கல் என்று எறிந்துவிட்டால் போயிற்று.

ஆய்வுகூடத்தில் நடப்பதை அருகில் நின்று பார்த்தால் அது ஒரு தச்சு வேலை போலத் தொடங்கும். தொடையெலும்பின் மேற்பரப்பு உரசி எடுக்கப்படும், ஏனென்றால் அதைத் தொட்டவர்கள் எல்லோருடைய கலங்களும் அங்கே ஒட்டியிருக்கும். பிறகு வெளிற்றியிலும் அற்ககோலிலும் கழுவல், புறஊதாக் கதிர். அடுத்து ஒன்றிரண்டு கிராம் துண்டு வெட்டப்படும். துளைகருவி மெதுவாகச் சுற்ற வேண்டும், சூடேறினால் உள்ளே மிஞ்சியிருப்பதும் கருகும். துண்டைத் திரவ நைதரசனில் உறைய வைத்து மாவாக்குவார்கள். அந்த மா ஒரு கரைசலில் இரவு முழுக்கக் கிடந்து கல்சியத்தை இழக்கும். ஒரு நொதியம் புரதத்தை உடைக்கும். கடைசியில் சிலிக்கா மேல் டி.என்.ஏ. மட்டும் ஒட்டி நிற்கும். அதோடு மண்ணின் கபில நிறமும் சில வேளை ஒட்டிக்கொண்டு வரும். உக்கிய இலை தழையிலிருந்து வரும் அந்த அமிலங்கள் அடுத்த கட்டத்தை, அதாவது டி.என்.ஏ.யைத் திரும்பத் திரும்பப் பிரதியெடுத்துப் பெருக்குவதையே, முடக்கக்கூடியவை. தெளிந்த திரவம் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும்.

பெருக்கிய பிறகு பார்ப்பது முழு மரபணுத் தொகுதியையும் அல்ல, இருபது சொச்சம் இடங்களை மட்டும். உதாரணத்துக்கு ரி.எச்.01 என்ற இடத்தில் நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு துணுக்கு அடுத்தடுத்துத் திரும்ப வரும். உங்களுக்கு அது தாயிடமிருந்து ஆறு தடவையாகவும் தகப்பனிடமிருந்து ஒன்பது தடவையாகவும் வந்திருக்கலாம், எனக்கு ஏழும் எட்டுமாக இருக்கலாம். ஓர் இடத்தில் ஒத்துப்போகிறவர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். இருபது இடத்திலும் ஒத்துப்போகிற இன்னொருவர், ஒரே முட்டையில் உருவான இரட்டைப் பிள்ளை தவிர, நடைமுறையில் இல்லை. சங்கிலி மிகவும் அறுந்துபோயிருந்தால் சில இடங்கள் வெறுமையாகவே வரும். அப்போது இன்னும் குட்டையான துண்டுகளை வாசிக்கும் முறைகளுக்குப் போக வேண்டும், அல்லது கலத்துக்குச் சக்தி தரும் நுண்ணுறுப்பான இழைமணிக்கு, அதற்கென்று தனியாக ஒரு டி.என்.ஏ. உண்டு.

இழைமணி டி.என்.ஏ. பழைய எலும்புக்குக் கைகொடுப்பது எண்ணிக்கையால். கலத்தின் கருவில் இருக்கும் நிறமூர்த்தம் ஒரு கலத்துக்கு இரண்டு பிரதி, இழைமணிச் சங்கிலியோ நூற்றுக்கணக்கில். 16,569 எழுத்து நீளமான சிறு வளையம் என்பதால் தாக்குப்பிடிக்கும். அது தாயிடமிருந்து மட்டும் வருவது. ஆகவே தாய் இல்லாவிட்டால் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, தாய்மாமன், கூடப்பிறந்தவர்கள் யாராவது போதும். ரஷ்யாவின் கடைசி சார் மன்னன் குடும்பத்தின் எலும்புகளை 1990களில் அடையாளம் கண்டபோது, மகாராணியின் தாய்வழியில் வந்த பிரித்தானிய இளவரசர் பிலிப்பின் இரத்தம் இப்படித்தான் உதவியது. குறை என்னவென்றால், தாய்வழியில் உள்ள எல்லோருக்கும் அது ஒன்றே. ஆளைக் காட்டாது, வழியைக் காட்டும்.

“பேர் வருமோ, தம்பி?”

இந்தப் பரிசோதனையைப் பற்றி விளக்கப் போகும் எவரையும் எங்கள் தாய்மார் கேட்கும் கேள்வி இதுதான்: “எலும்பில இருந்து பிள்ளையின்ர பேர் வருமோ, தம்பி?”

“பேர் வராது அம்மா. உங்கட எச்சிலோட வைச்சுப் பாத்தாத்தான் ஆற்ற பிள்ளையெண்டு தெரியும்.”

மொத்தக் கதையும் இந்த இரண்டு வரியில் இருக்கிறது. டி.என்.ஏ. ஒரு ஒப்பீடு. எலும்பிலிருந்து எவ்வளவு அழகான மரபணு வரைபடம் வந்தாலும் மறுபக்கத்தில் வைக்க ஒருவர் இல்லையென்றால் அது ஒரு தொடர் எண், அவ்வளவுதான். கொக்குத்தொடுவாய் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் எலும்பைப் பற்றியும் ஆய்வுகூடத்தைப் பற்றியும், வெளிநாட்டு நிபுணர் வர வேண்டுமா என்பது பற்றியும் வாதிடுகிறார்கள். அவை தேவையான வாதங்கள்தான். ஆனால் என் கணிப்பில் இந்த வழக்கு தோற்றால் தோற்கப்போவது அங்கே அல்ல. எலும்பு பெட்டிக்குள் இன்னும் பத்து வருடம் பொறுக்கும். 1995இல் இருபது வயதுப் பிள்ளையை இழந்த தாய்க்கு இன்று எழுபதுக்கு மேல்.

யாரிடம் மாதிரி எடுப்பது என்று பார்த்தால் சிக்கல் இன்னும் கூடும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டம் பெரும்பாலும் 2009இல் கையளித்த, சரணடைந்த, பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளுக்கானது. பதிவுகளும் அப்படியே: செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் 1990 முதலான முறைப்பாடுகள் 16,000க்கு மேல். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் போன ஒரு போராளியின் வீட்டுக்கு இயக்கம் வீரச்சாவுச் செய்தி அறிவித்திருக்கும். உடல் வரவில்லை என்றால் துயிலும் இல்லத்தில் கல்லறைக்குப் பதில் நினைவுக்கல் வைத்திருக்கும். அந்த வீட்டார் பிள்ளை “காணாமல் போனது” என்று எங்கும் பதிந்திருக்க மாட்டார்கள். அவர்களைப் பொறுத்தவரை பிள்ளை இறந்துவிட்டது, சுவரில் மாலையோடு படம் இருக்கிறது. நினைவுக்கற்கள் போருக்குப் பின் இடிக்கப்பட்டதோடு அந்தப் பட்டியலும் போயிற்று.

கொக்குத்தொடுவாயின் 52 பேருக்கும் உரிய உறவுகள் கையிலிருக்கும் பட்டியல்களுக்கு வெளியேதான் அதிகம் என்று நான் கருதுவது இதனால்தான். அலுவலகத்துக் கணினியில் தேடினால் அவர்கள் அகப்பட மாட்டார்கள். வீடு வீடாகக் கேட்க வேண்டும், “உடல் வந்ததா?” என்று.

கணக்கு எங்கே ஏமாற்றும்

இங்கே ஒரு எண்ணிக்கைப் பொறி இருக்கிறது. வழமையான குற்ற வழக்கில் ஒரு தடயம், ஒரு சந்தேக நபர், ஒரு ஒப்பீடு. புதைகுழியில் ஒவ்வொரு எலும்புத் தொகுதியையும் ஒவ்வொரு குடும்பத்தோடும் ஒப்பிட வேண்டும். 52 தொகுதிகளை 16,000 குடும்பங்களோடு வைத்தால் 8,32,000 ஒப்பீடுகள். ஒரு குடும்பத்திலிருந்து ஒரு சகோதரர் மட்டும் மாதிரி கொடுத்து, தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நல்ல எண் போலத்தான் இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 83 பொய்யான பொருத்தங்கள். இருப்பதே 52 பேர்.

ஆகவேதான் காணாமல் போனோர் தொடர்பான சர்வதேச ஆணைக்குழு பொஸ்னியாவில் ஒரு பொருத்தத்தை அறிவிக்க 99.95 வீதம் என்ற எல்லையை வைத்தது. அந்த எல்லையை எட்டுவது ஆய்வுகூடத்தின் கெட்டித்தனத்தைவிட, எந்த உறவினர் மாதிரி கொடுத்தார் என்பதைப் பொறுத்தது. தாயும் தகப்பனும் இருவரும் கொடுத்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிரதி இவரிடமிருந்தும் மற்றது அவரிடமிருந்தும் வந்தே ஆக வேண்டும், சந்தேகத்துக்கு இடமில்லை. தாய் மட்டும் என்றால் பாதி. சகோதரன் அல்லது சகோதரி மட்டும் என்றால் நிலைமை வேறு. எந்த ஒரு இடத்தை எடுத்தாலும் உடன்பிறந்த இருவருக்கு ஒன்றும் பொதுவாக இல்லாமற்போக நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. சகோதரர் எத்தனை பேர் சேர்கிறார்களோ அவ்வளவுக்குப் பலம் கூடும்.

இறந்தவர்களில் பெண்கள் பலர் என்பதும் ஆய்வு முறையைத் தீர்மானிக்கிறது. தகப்பன் வழியை நேராகக் காட்டும் வை நிறமூர்த்தம் பெண்ணில் இல்லை, ஆகவே சித்தப்பா, பெரியப்பாவின் மாதிரி அந்த வகையில் பயன்படாது. அதற்குப் பதிலாக எக்ஸ் இருக்கிறது. தகப்பனுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான். அதை அவர் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் அப்படியே கொடுக்கிறார். தாய் தகப்பன் இருவரும் போய்விட்டாலும் அக்காவோ தங்கச்சியோ ஒருத்தி இருந்தால், தகப்பன் தந்த அந்த எக்ஸ் இருவரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் அண்ணன்மாரைத்தான் “கந்தோர் வேலை”க்கு அனுப்பி வைப்பார்கள். இந்த வழக்கில் கூட்டிவர வேண்டியது சகோதரிகளை.

எங்கள் ஊர் வழக்கங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய வன்னிக் கிராமங்களில் மச்சான் மச்சாள் முடிப்பது வழமை. நாலைந்து தலைமுறையாக ஒரே சில குடும்பங்களுக்குள் கொண்டு கொடுத்து வந்த ஊரில், உறவில்லாதவர் என்று நினைக்கும் இருவர்கூட நிறையப் பங்கிடுவார்கள். ஒரே தாய்வழி இழைமணி ஊரில் பலருக்கு இருக்கலாம். அங்கே ஐரோப்பியச் சனத்தொகையின் அட்டவணையை வைத்து வாய்ப்பைக் கணித்தால், பொருத்தம் உண்மையில் உள்ளதைவிடப் பலமாகத் தோன்றும். உள்ளூர்ச் சனத்தொகையின் அட்டவணை வேண்டும், குடும்ப மரத்தை மாதிரி எடுக்கும்போதே கேட்டு எழுதவும் வேண்டும். கிராம சேவையாளரின் படிவத்தில் அதற்கு இடமில்லை. ஊரிலுள்ள ஒரு கிழவியிடம் எல்லாம் இருக்கும்.

இரண்டு பெண் பிள்ளைகளை ஒரே காலத்தில் இழந்த வீடுகள் உண்டு. பெற்றோரின் மாதிரியை வைத்து “இது இவர்களின் மகள்” என்று சொல்லலாம். மூத்தவளா இளையவளா என்று டி.என்.ஏ. சொல்லாது. அங்கே வேலை சட்ட வைத்தியரிடம் திரும்புகிறது: வயது, உயரம், கட்டுப்போட்டுப் பொருந்திய பழைய முறிவு, தெற்றுப்பல். சைக்கிளால் விழுந்து இடது முழங்கை முறிந்த கதை தாய்க்கு நினைவிருந்தால் அது ஒரு சான்று. எப்படி இறந்தார்கள் என்ற கேள்விக்கும் டி.என்.ஏ.விடம் பதில் கிடையாது. சன்னம் எலும்பில் நுழைந்த திசை, கை கட்டப்பட்டிருந்த தடம், உடல்கள் கிடந்த அடுக்கு ஆகியவைதான் அதைப் பேசும். ஆனால் ஆள் இன்னார் என்று தெரிந்தால்தான் கடைசியாக எங்கே, யாரோடு, எந்த நிலையில் காணப்பட்டார் என்று விசாரிக்க முடியும்.

மன்னாரில் காபன் செய்த குழப்பம்

சதொசப் புதைகுழியின் எலும்பு மாதிரிகள் அமெரிக்காவில் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்குக் காபன் பரிசோதனைக்குப் போயின. 2019 மார்ச்சில் வந்த முடிவு அவற்றைப் 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. ஒரு பக்கம் “போர்த்துக்கேயர் காலம்” என்று கோப்பை மூடப் பார்த்தது, மறுபக்கம் முடிவையே நம்ப மறுத்தது. அந்தச் சண்டைக்குள் அடிப்படை ஒன்று மறைந்துபோனது. காபன் சொல்வது காலத்தை, அதுவும் அனுப்பிய துண்டின் காலத்தை. முந்நூறு உடல் உள்ள இடத்தில் சில துண்டுகளின் காலம் முழுக் குழியின் காலம் ஆகிவிடாது. கோயிலடியிலும் துறைமுக நகரிலும் பழைய இடுகாட்டின் மேல் புதிய குழி வருவது நடக்கக்கூடியதுதான்.

கொக்குத்தொடுவாய்க்கு அந்தத் தலையிடி இல்லை. நைலோனும் தகடும் காலத்தைச் சொல்லிவிட்டன. தேவைப்பட்டால் காபனையே வேறு விதமாகவும் கேட்கலாம்: 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தின் கதிர்க்காபனை 1960களின் நடுவில் ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. அதற்குப் பின் வளர்ந்த பல்லிலும் எலும்பிலும் அந்தச் சுவடு கிடக்கும். ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் வாழ்ந்தாரா என்ற கேள்விக்கு அது தெளிவான பதில் தரும்.

கைபட்ட சான்று

டி.என்.ஏ.வின் நற்பெயர் அது குற்றவாளியைப் பிடித்ததால் மட்டும் வந்ததல்ல. 1984இல் அலெக் ஜெஃப்ரிஸ் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இந்த முறையைக் கண்டறிந்த சில வருடங்களுக்குள், அதே பகுதியில் நடந்த இரண்டு கொலைகளில் அது முதலில் செய்தது பொய்யாக ஒப்புக்கொண்ட ஒரு பதினேழு வயதுப் பையனை விடுவித்தது. இலங்கையில் 2015இல் கொட்டதெனியாவச் சிறுமி கொலையிலும் அப்படியே: முதலில் பிடிபட்ட பாடசாலை மாணவன் விடுபட்டான், பிறகு ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பொலிஸ் சொன்னது, மாதிரியோ அவருடைய சகோதரனைக் காட்டியது. ஒப்புதல் வாக்குமூலங்களால் வாழ்க்கை தொலைத்தவர்கள் நிறைந்த எங்கள் மாகாணத்துக்கு இது சிறிய சங்கதி அல்ல.

அதே முறை ஏமாறவும் செய்யும். ஜெர்மனியில் 2007இல் ஒரு பெண் பொலிஸ் அதிகாரி கொல்லப்பட்ட இடத்தில் கிடைத்த மாதிரி, ஒஸ்ரியா, பிரான்ஸ் வரை ஏகப்பட்ட குற்ற இடங்களில் தோன்றிய ஒரு மர்மப் பெண்ணினுடையதாக இருந்தது. 2009இல்தான் தெரிந்தது, அது பஞ்சுக்குச்சியைப் பொதிசெய்த தொழிற்சாலைப் பெண்ணின் கலம் என்று. குச்சி கிருமி நீக்கியதாக இருந்தது, டி.என்.ஏ. நீக்கியதாக இல்லை.

கொக்குத்தொடுவாயின் குழிக்குள் எத்தனை பேர் இறங்கினார்கள்? தொல்லியல் மாணவர், பொலிஸார், வைத்தியசாலை ஊழியர், மண் சுமந்தவர்கள். குழிக்கரையில் குனிந்து படமெடுத்தவர்கள் வேறு. அவர்கள் எல்லோரிடமும் ஒரு எச்சில் மாதிரி எடுத்து வைத்தால்தான், பின்னால் எலும்பிலிருந்து வரும் வரைபடம் இவர்களில் ஒருவருடையதல்ல என்று நிறுவலாம். எலும்பைப் பொலித்தீன் பையில் கட்டினால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும், கடதாசிப் பையும் உலர்ந்த பெட்டியும் வேண்டும். பெட்டி திறந்த ஒவ்வொரு தடவையும் யார், எப்போது, ஏன் என்ற பதிவும் வேண்டும். சட்டத்தரணி ஒருவர் பத்து வருடம் கழித்து இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்ததைக் காட்டினால் 99.95 வீதமும் வெறும் கடதாசி.

மாதிரி யாருடைய கையில்

பொஸ்னியாவில் 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட ஏறக்குறைய 8,000 பேரில் 7,000 பேர் அளவில் டி.என்.ஏ.யால் பெயர் பெற்றுவிட்டார்கள். கொலைகாரர் குழிகளை இயந்திரத்தால் கிளறி வேறு குழிகளுக்கு மாற்றியிருந்தும், ஒரே உடலின் பாகங்கள் பல இடத்தில் கிடந்தும் அது நடந்தது. எலும்புக்காகக் காத்திராமல் உறவினரின் இரத்தத் துளிகளை முதலில் திரட்டியதுதான் காரணம். அகதியாய் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்களைத் தேடிப்போயும் எடுத்தார்கள். வன்னியின் சகோதரங்களில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருக்கிறார்கள். ஒரு துளியைத் தபாலில் அனுப்ப அவர்களுக்கு விசா தேவையில்லை.

ஆர்ஜென்டீனாவில் இராணுவ ஆட்சியில் பிள்ளைகளை இழந்த பாட்டிமார் 1980களிலேயே தங்கள் இரத்தத்தைச் சேமித்து வைக்கும் வங்கியைக் கேட்டுப் போராடிப் பெற்றார்கள். 1987இல் சட்டம் வந்தது. அவர்களில் பெரும்பாலானோர் இன்று இல்லை. ஆனாலும் பறிக்கப்பட்ட பேரப்பிள்ளைகள் 130க்கு மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள், இன்னும் ஒருவர் இருவராக வந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் தாய்மாரில் பலர் மாதிரி கொடுக்கத் தயங்குவது அறியாமையால் அல்ல. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை உறவுகளின் சங்கங்கள் நிராகரித்து நிற்கின்றன. எச்சிலைக் கொடுத்தால் பிள்ளை இறந்ததென்று ஒப்புக்கொண்டதாகும், மரணச் சான்றிதழைத் திணித்துக் கோப்பை மூடுவார்கள் என்ற பயம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: மாவீரர் குடும்பம் என்று தெரிந்த வீட்டின் மரபணு புலனாய்வுத் துறையின் கைக்குப் போகாது என்று யார் உறுதி தருவது? நியாயமான கேள்வி.

மாதிரி எடுப்பதையும் அதை ஒப்பிடுவதையும் பிரிக்கலாம் என்பதே என் வாதம். எடுப்பது ஒன்று, ஒப்பிடுவது வேறு. கன்னத்தில் தடவிய மாதிரியை ஒரு வகைத் தடித்த அட்டையில் ஒற்றிக் காயவிட்டால், குளிரூட்டி இல்லாமலே பல வருடம் அறை வெப்பநிலையில் கெடாமல் இருக்கும். ஒரு கடித உறைக்குள் அடங்கும். அதை அரசிடம் இன்றே கொடுக்க வேண்டியதில்லை. குடும்பமும் நம்பிக்கையான ஒரு பொது அமைப்பும் சேர்ந்து முத்திரையிட்டு, இரண்டு பிரதியில் வைக்கலாம், ஒன்றை நாட்டுக்கு வெளியே. ஒப்புதல் படிவத்தில் எழுத வேண்டியதைத் தமிழில் தெளிவாக எழுதலாம்: இந்த மாதிரி புதைகுழி எச்சங்களோடு ஒப்பிட மட்டும், குற்ற விசாரணைக்கு அல்ல, குடும்பம் கேட்டால் அழிக்கப்படும், மாதிரி கொடுத்தது மரணத்தை ஏற்றதாகாது, முடிவு முதலில் குடும்பத்துக்கு, பிறகுதான் பத்திரிகைக்கு.

எழுபது கடந்தவர்களிடம் முதலில் போக வேண்டும். தாயும் தகப்பனும் இருக்கும் வீடு, பிறகு தாய் மட்டும் இருக்கும் வீடு, பிறகு சகோதரிகள். படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கு நாளைக்கே போகலாம். தடவி எடுக்க ஒரு நிமிடம் ஆகும், கையுறையும் சுத்தமான குச்சியும் உலர்ந்த அட்டையும் போதும். செத்தவீடு நடந்துவிட்ட இடத்தில் பிடுங்கிய பல் வைத்த பொட்டலமோ, வைத்தியசாலையில் எடுத்து வைத்த இழையத் துண்டோ இருக்கிறதா என்று கேட்க வேண்டிவரும். தகனம் செய்துவிட்டார்கள் என்றால் அந்த வீட்டில் மிஞ்சுவது சகோதரங்கள் மட்டும்தான்.